இம்மட்டும்

கம்பம்
2 மார்ச் 1998

அன்புத் தங்கை எப்சிபாவுக்கு,

ரட்சகரின் நாமத்தில் அண்ணன் ஞானசிகாமணி எழுதுவது. நானும் உன் மதினியும் யோவேலும் சுகம். திராட்சையும் சுகம். உன் சுகத்துக்கும் உன் வார்டில் படுத்திருப்பவர்களின் சுகத்துக்கும் ஜெபிக்கிறோம்.

நேற்று ஆராதனைக்குப் பிறகு, நம் சபையின் சரித்திரத்தில் நிற்கக்கூடிய தீர்மானம் ஒன்று நிறைவேறியது. எபெனேசர் என்ற சொல்லின் இரண்டாம் எழுத்து ‘பெ’தானே ஒழிய ‘பி’ அல்ல என்று கமிட்டியார் ஐந்துக்கு இரண்டு என்ற வாக்கில் முடிவு செய்தார்கள். விவாதம் இரண்டே கால் மணி நேரம் நடந்தது. தோற்ற இருவரும் காபி குடிக்காமல் எழுந்து போனார்கள்.

காரணம் உனக்குத் தெரியும். ஜனவரியில் கம்பம் மெட்டு வளைவில் ஏலத்தோட்டத்து ஜீப் உருண்டு நான்கு பேர் செத்தார்கள். என் மகன், உன் மருமகன் யோவேல் மட்டும் பாறையில் தலை மோதியும், இருபத்தொரு தையலோடு நடந்து வீடு வந்தான். நன்றிக்கு அடையாளமாகத் தோட்டத்தில் கல் நாட்டுவதாக நான் பொருத்தனை செய்தேன். பெலிஸ்தரை முறியடித்த இடத்தில் சாமுவேல் தீர்க்கதரிசி கல் நாட்டி அதற்கு எபெனேசர் என்று பெயர் வைத்தார் அல்லவா, அப்படி.

திராட்சைப் பந்தல் போட்டதில் மிச்சமான கல்தூண் ஒன்று கிடந்தது. கல்தச்சன் வீரபாண்டி அதை மூன்றடியாக வெட்டினான். முகத்தின் அகலம் ஆறு அங்குலம்தான். இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார் என்கிற வசனம் முழுவதும் ஏறாது, மீறினால் ஓரம் தெறித்துவிடும் என்றான். ஆகவே மேலே ‘எபெனேசர்’, கீழே ‘இம்மட்டும்’ என்று வெட்டி நிறுத்திக்கொள்வது, மீதியை வேதம் தெரிந்தவர்கள் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள் என்று தீர்மானித்தோம். இதை யாரும் விவாதிக்கவில்லை.

கிணற்றுக்கு இந்தப் பக்கம், வரப்பிலிருந்து முப்பதடி உள்ளே குழி தோண்டச் சொன்னேன். வீரபாண்டி கடப்பாரையைப் போட்டதும் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. “இங்கன முன்னமே ஒரு குழி இருந்திருக்குய்யா” என்றான். கர்த்தர் முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்திருக்கிறார்.

உன் அண்ணன்,
ஞானசிகாமணி


ஆம்பூர்
16 மார்ச் 1998

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

எப்சிபாவின் வணக்கம். சுகம். கால் வீக்கம் மட்டும் உண்டு, அது நர்சுகளுக்குச் சம்பளத்தோடு வருவது. யோவேலுக்குத் தையல் போட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கிறதா என்று மதினி எழுதட்டும்.

எங்கள் ஆஸ்பத்திரிப் போதகர் எபிரெயு படித்தவர். அவரைக் கேட்டேன். எபென் என்றால் கல், ஏசெர் என்றால் உதவி. ஏவாளை ஆதாமுக்குத் துணை என்று சொல்லும் இடத்திலும் இதே ஏசெர்தானாம். கோலியாத்தின் நெற்றியில் புதைந்ததும் எபென்தான். குற்றவாளியை ஊர் கூடி எறிந்து கொல்வதும் எபெனால்தான். எபிரெயருக்கு அதற்கென்று வேறு கல் கிடையாது.

அந்தக் குழியைப் பற்றி ஒரு விஷயம். அது எவ்வளவு ஆழம் இருந்தது? அடியில் கரித்துண்டோ செங்கல் உடைசலோ இருந்ததா? வீரபாண்டியிடம் கேட்டு எழுதுங்கள். சும்மாதான் கேட்கிறேன்.

தங்கை,
எப்சிபா


கம்பம்
20 ஏப்ரல் 1998

அன்புத் தங்கைக்கு,

கிருபையும் சமாதானமும். தையல் போட்ட இடம் ஆறிவிட்டது, சூடு இல்லை. யோவேல் மறுபடி ஜீப்பில் தொங்கிக்கொண்டு போகிறான்.

குழி ஒன்றரை அடி. அடியில் கரியும் செங்கல் உடைசலும் இருந்ததாக வீரபாண்டி சொல்கிறான். ஆம்பூரில் இருந்துகொண்டு உனக்கு எப்படித் தெரிந்தது என்று உன் மதினி ஆச்சரியப்படுகிறாள். ஜெபிக்கிறவர்களுக்கு வெளிப்படும் என்றேன்.

கல் நாட்டிய எட்டாம் நாள் ஒரு இடையூறு. பக்கத்துத் தோட்டத்துப் பிச்சைமணியின் மனைவி ஜக்கம்மா அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எள்ளு விளக்கு ஏற்றியிருந்தாள். குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் வந்த மிச்ச எண்ணெயாம்.

“ஜக்கம்மா, இது சாமி இல்லை. உதவியின் கல்.”

“உதவுனா சாமிதானே அண்ணே?”

“இது எபிரெயு பாஷை.”

“எந்தப் பாஷையா இருந்தா என்ன, நம்ம யோவேலக் காப்பாத்திக் குடுத்திருக்காக. ஒரு விளக்கு வச்சாக் கொறஞ்சா போயிருவாக?”

சோப்புப் போட்டுக் கழுவினேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி மஞ்சள். மறுபடி கழுவினேன். ஆறு சனிக்கிழமை ஆகிறது. கல் நல்ல பளபளப்பாக இருக்கிறது.

அண்ணன்,
ஞானசிகாமணி


ஆம்பூர்
11 செப்டம்பர் 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். ஐந்து மாதம் பதில் போடாததற்கு மன்னியுங்கள். எழுதினேன், அனுப்பவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

அந்தக் கல்லை எடுத்து வீட்டு வாசலில் வைத்துவிடுங்கள்.

காரணம் கேட்பீர்கள். வேதத்தில் எபெனேசர் என்ற பெயர் முதலில் வருவது சாமுவேல் கல் நாட்டிய ஏழாம் அதிகாரத்தில் அல்ல, நாலாம் அதிகாரத்தில். இஸ்ரவேலர் எபெனேசரில் பாளயம் இறங்குகிறார்கள். முதலில் நாலாயிரம் பேர் வெட்டுண்டார்கள். பிறகு முப்பதாயிரம் பேர். உடன்படிக்கைப் பெட்டியும் பறிபோனது. கல் வந்தது இருபது வருடத்துக்கும் மேல் கழித்து. சபையார் பிள்ளைகளுக்கும் அரிசி ஆலைக்கும் அந்தப் பெயரை வைக்கும்போது ஏழாம் அதிகாரத்தை மட்டும் படிக்கிறார்கள் என்று எங்கள் போதகர் வருத்தப்பட்டார்.

வாசலில் வையுங்கள். அங்கே நாலு பேர் பார்ப்பார்கள். பிச்சைமணி அண்ணன் வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

எப்சிபா


கம்பம்
25 ஜனவரி 1999

அன்புத் தங்கைக்கு,

பொங்கலும் புத்தாண்டும் கர்த்தர் கிருபையால் கடந்தன. உன் மதினிக்கு மூட்டு வலி. எனக்கு மன வலி.

உங்கள் போதகரின் எபிரெயு ஞானத்துக்கு வணக்கம். ஆனால் நம் கமிட்டி ஏழாம் அதிகாரத்தை ஆதாரமாகக் கொண்டே தீர்மானம் போட்டது. நாலாம் அதிகாரம் அஜெண்டாவில் இல்லை. கல் நின்ற இடத்தில் நிற்கும்.

பிச்சைமணியின் மகன் சூரியபிரகாஷ் உத்தமபாளையத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். லீவுக்கு வந்தவன் கல் முன்னால் குத்தவைத்து எழுத்துக் கூட்டிப் படித்தான்.

“பெரியப்பா, இம்மட்டும்னா இது வரைக்கும்தானே?”

“ஆமடா.”

“அப்ப உங்க எடம் இது வரைக்கும்தான். நீங்களே கல்லுல வெட்டிக் குடுத்துட்டீக.”

பிச்சைமணிக்கே சங்கடமாகிவிட்டது. “ஏலே, சும்மா கெட. அண்ணன் சாமி பேரு வெட்டியிருக்காக” என்றான்.

“சாமி பேரு மேல இருக்குப்பா. கீழ இருக்குறது அளவு.”

அது காலத்தைக் குறிக்கும் சொல், இடத்தை அல்ல என்று நான் நாற்பது நிமிடம் விளக்கினேன். பிச்சைமணி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். அவன் கண் மட்டும் கல்லுக்கும் வரப்புக்கும் நடுவில் இருந்த கிணற்றின் மேல் இருந்தது. அதற்கு முன் அவன் அந்தக் கிணற்றை அப்படிப் பார்த்ததில்லை.

பொங்கலுக்கு மறுநாள், கல்லுக்கு அந்தப் பக்கம் இருந்த நம் கொடிகள் நூற்றுப் பன்னிரண்டும் அடியோடு அறுபட்டுக் கிடந்தன. யார் அறுத்தது என்று தெரியாது. கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு இலை கிள்ளப்படவில்லை. அறுத்தவன் எழுத்தறிவுள்ளவன். யோவேல் பந்தல் கம்பி இழுக்கும் இரும்புத் தடியை எடுத்துக்கொண்டு போய் சூரியபிரகாஷின் காறை எலும்பை முறித்துவிட்டு வந்து, கை கழுவிச் சாப்பிட்டான்.

அண்ணன்,
ஞானசிகாமணி


ஆம்பூர்
4 பிப்ரவரி 1999

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். காறை எலும்பு கூடிவிடும், ஆறு வாரம் கையைத் தூக்கிக் கட்டியிருக்க வேண்டும் என்று ஜக்கம்மாவிடம் யாரையாவது விட்டுச் சொல்லுங்கள்.

நீங்கள் விளக்கியது பற்றிப் போதகரிடம் கேட்டேன். மூலத்தில் இருப்பது ‘இங்கே வரைக்கும்’ என்ற சொல்லாம். காலம், இடம் இரண்டுக்கும் அது ஒன்றுதான். சூரியபிரகாஷ் தவறாகப் படிக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். கிணறு இல்லாமல் தோட்டம் நிற்குமா? உங்களுக்கும் பிச்சைமணிக்கும் முறை வைத்துத் தண்ணீர் என்று பேசி முடிக்க முடியாதா?

எப்சிபா


கம்பம்
19 மே 1999

அன்புத் தங்கைக்கு,

சொல்வது நான். எழுதுவது உன் மதினி தபீத்தாள். இருவரும் சுகம் என்று எழுதச் சொன்னேன், அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஆகவே அவள் சுகம்.

கிணறு போனால் கொடி பதினைந்து நாள் தாங்காது. முப்பது வருடத் தோட்டம் விறகாகிவிடும். யோவேலுக்கு அதைத் தவிர ஒன்றும் கிடையாது. ஆகவே முறை வைப்பது பற்றி எனக்கு எழுதாதே.

போன மாதம் பத்தாம் தேதி காலை மோட்டார் போடப் போனேன். பிச்சைமணி சுவிட்சுப் பெட்டி முன்னால் அருவாளோடு நின்றான்.

“அண்ணே, சர்வேக்கு எழுதிப் போட்டிருக்கேன். அளக்குற வரைக்கும் மோட்டாரத் தொடாதீக.”

“எங்க அப்பா வெட்டுன கிணறுடா இது.”

“வெட்டுனது உங்க அப்பா. வெட்டுன எடம் யாருதுன்னுதான் கேக்குறேன்.”

நான் சுவிட்சில் கை வைத்தேன். அவன் என் கையில் அருவாளை வைத்தான். வலது கையில் நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல். வலி பிறகுதான் வந்தது. முதலில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் விரல் போயிருக்கிறது.

ஜக்கம்மா ஓடி வந்து விரல்களைப் பொறுக்கி முந்தானையில் ஏந்திக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டாள். “மதினி, ஐஸ்ல வச்சுக் கொண்டுபோனா ஒட்ட வைப்பாகளாம், வெரசா போங்க” என்றாள். முந்தானையில் இரண்டுதான் இருந்தது. மூன்றாவதைக் கோழி கொண்டுபோய்விட்டது. கோழி அவர்களுடையது. ஒட்டவும் இல்லை.

பிச்சைமணி பதினெட்டு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறான். வந்த அன்றே கல்லுக்குத் தேங்காய் உடைத்தான்.

ஞானசிகாமணி
(அவர் கைநாட்டு: இடது)


ஆம்பூர்
14 ஜூன் 1999

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். புண்ணை ஈரம் படாமல் வைத்திருங்கள். இரண்டு பக்கம் புண்ணைப் பற்றி எழுதிவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் எழுத வேண்டியதை முப்பத்துமூன்று வருடமாக எழுதவில்லை.

1966, பங்குனி. நீங்கள் மதுரையில் ஹாஸ்டலில் இருந்தீர்கள். எனக்குப் பத்து வயது. அந்த இடம் அப்போது வெறும் முள்ளுக்காடு. பிச்சைமணியின் அப்பா மலைக்கு ஏலக்காய் வேலைக்குப் போயிருந்த மாதம், ஒரு மத்தியானம், நம் அப்பா சர்வே கல்லைப் பிடுங்கி முப்பதடி தள்ளி நட்டார். கடப்பாரையைச் சுமந்து போனது நான். பிடுங்கிய குழியின் அடியில் கரியும் செங்கல் உடைசலும் இருந்தன. சர்வேக்காரர்கள் அடையாளத்துக்குப் போடுவது என்று அப்பா சொல்லி, அப்படியே மண்ணைத் தள்ளி மூடச் சொன்னார். நான் காலால் மிதித்து மட்டமாக்கினேன்.

அடுத்த வருடம் அங்கே கிணறு வெட்டினார். அதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிறனுடைய எல்லைக் குறியை ஒற்றிப்போடுகிறவனை, அதாவது தள்ளி நடுகிறவனைச் சபிக்கும் பகுதி ஆராதனையில் வாசிக்க வேண்டியிருந்தது. உபதேசியார் என்ற முறையில் அப்பாவே வாசித்தார். குரல் நடுங்கவில்லை. நான் முன் வரிசையில் உட்கார்ந்து ஆமென் சொன்னேன்.

உங்கள் எபெனேசர் கல் அதே குழியில் நிற்கிறது. அதில் எழுதியிருப்பது உண்மை.

போன வருடமே சொல்லியிருக்க வேண்டும். அப்பாவின் பெயரைக் காப்பாற்றுகிறோம் என்று இருந்துவிட்டேன். நான் வாயைத் திறக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் யாருக்காவது ஒரு எலும்பு போயிருக்கிறது. பிச்சைமணியிடம் போய்ச் சொல்லுங்கள். கிணற்றில் பாதி கேளுங்கள். ஜக்கம்மா கொடுக்கச் சொல்லுவாள்.

எப்சிபா


கம்பம்
15 ஆகஸ்ட் 1999

அன்புத் தங்கைக்கு,

சுதந்திர தின வாழ்த்துகள். இடது கையால் எழுதப் பழகிவிட்டேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. எல்லாரும் சுகம். இந்த வருடம் காற்று அதிகம், பந்தல் தாங்கியது.

உன் ஜூன் மாதக் கடிதம் வந்தது. தபால்காரர் மழையில் நனைத்துவிட்டார். முதல் இரண்டு பக்கமும் தெளிவு, அதன்படியே மருந்து போடுகிறோம். மூன்றாம் பக்கம் முழுவதும் மை கரைந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. முக்கியமாக ஒன்றும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

தேர்தல் வேலை காரணமாக சர்வே தேதி நவம்பர் பதினேழுக்குத் தள்ளிப் போயிருக்கிறது.

கல்லை வீட்டு வாசலுக்கு மாற்றும்படி நீ முன்பு எழுதியது நல்ல யோசனை என்று இப்போது படுகிறது. மாற்றிவிட்டுக் குழியையும் கெட்டியாக மூடிவிடலாம் என்று கமிட்டியில் சொல்லியிருக்கிறேன். சர்வேக்கு முன்பாகவே செய்வது நல்லது.

அண்ணன்,
ஞானசிகாமணி


ஆம்பூர்
24 ஆகஸ்ட் 1999

அண்ணனுக்கு,

வணக்கம். மூன்றாம் பக்கத்தை மறுபடி எழுதுகிறேன். இந்த முறை பால்பாயிண்ட் பேனா, தண்ணீரில் கரையாது.

அப்பா கல்லைத் தள்ளி நட்டார். நான் உடன் இருந்தேன். கிணறு பிச்சைமணியுடைய இடத்தில் இருக்கிறது. உங்கள் கல் நிற்பதுதான் எல்லை. அதைத் தொடாதீர்கள்.

நவம்பர் பதினாறு முதல் லீவு போட்டிருக்கிறேன். சர்வேயரிடம் நானே வந்து சொல்கிறேன். கிடைத்தது என்று ஒரு வரி பதில் போடுங்கள்.

எப்சிபா


கம்பம்
18 நவம்பர் 1999

அன்புள்ள எப்சிபாவுக்கு,

மதினி தபீத்தாள் எழுதுவது. நான் சுகம். நீ லீவை ரத்து செய்துவிட்டதாக ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டபோது சொன்னார்கள், காரணம் சொல்லவில்லை. வந்திருந்தாலும் பேச ஆள் இல்லை. உன் அண்ணன் தேனியில் ரிமாண்டில் இருக்கிறார். யோவேலை மதுரை ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கல் பிச்சைமணி அண்ணன் மேல் விழுந்து அவர் செத்துப்போனார் என்று உன் அண்ணன் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆளுக்கு இடுப்பளவுகூட இல்லாத கல் தலையில் எப்படி விழும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் கட்டைச் சுவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் உனக்கு உள்ளதை எழுதுகிறேன்.

அக்டோபர் முப்பதாம் தேதி, சனிக்கிழமை காலை. உன் அண்ணனும் யோவேலும் கடப்பாரையோடு கல்லைப் பெயர்க்கப் போனார்கள். இவருக்குப் பிடி நிற்காது, யோவேல்தான் நெம்பினான். கல் சாய்கிற நேரம், ஜக்கம்மா மஞ்சள் கிண்ணத்தோடு வந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். பிச்சைமணி வெறுங்கையோடு ஓடி வந்தார். வந்தவர் சண்டைக்கு நிற்கவில்லை. குழிக்குள்ளே உட்கார்ந்துகொண்டார்.

“அண்ணே, சாமிய எடுக்காதீக. நீங்க வச்ச சாமிதானே. எடுக்கணும்னா என்னை எடுத்துட்டு எடுங்க.”

“ஏலே எந்திரி” என்றான் யோவேல்.

“எடம் எனக்கு வேணாம்டா. அளக்கட்டும். அளந்து உங்களுதுன்னு சொன்னா, அருவாளால வெட்டுன கைய நானே நீட்டுறேன். கல்ல மட்டும் வைங்க.”

உன் அண்ணன் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவர் யோவேலைப் பார்த்தார், யோவேல் அவரைப் பார்த்தான். பிறகு யோவேல் கல்லை நெஞ்சளவு தூக்கி, குனிந்து உட்கார்ந்திருந்தவர் தலையில் போட்டான். ஒரு தடவை. மறுபடி தூக்கி இன்னொரு தடவை. முதல் தடவையே போதும் என்று எனக்குக்கூடத் தெரிந்தது. எழுத்து வெட்டிய முகம் கீழே இருந்தது. ஜக்கம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, “ஆத்தா, இவருக்குச் சட்டை மாத்தணுமே” என்றாள். அதன் பிறகு அவள் இது வரை பேசவில்லை.

ஜாமீனுக்குப் பத்திரம் தேடும்போது இவருடைய பைபிளுக்குள் உன் ஜூன் மாதக் கடிதமும் ஆகஸ்ட் மாதக் கடிதமும் இருந்தன. சாமுவேல் ஆகமம் ஏழாம் அதிகாரத்தில் செருகி வைத்திருந்தார். மூன்றாம் பக்கத்தைப் படித்தேன். ஒரு எழுத்துகூடக் கரையவில்லை.

நேற்று சர்வேயர் வந்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஏற்கனவே தேதி கொடுத்தாகிவிட்டது, அளக்காமல் போக முடியாது என்றார். அளவுச் சங்கிலியின் ஒரு முனையை சூரியபிரகாஷும் மறு முனையை நானும் பிடித்தோம். குழி, சர்க்கார் புலப்படத்தில் எல்லைக் கல்லுக்குக் காட்டிய இடத்தில்தான் இருக்கிறது, வித்தியாசம் அரை அடிகூட இல்லை என்று எழுதிக்கொண்டார். நம் கல் போலீஸ் வசம் இருப்பதால், அதே குழியில் அரசாங்கக் கல் ஒன்றை நட்டு, பதினான்கு என்று எண் போட்டுவிட்டுப் போனார்.

தபீத்தாள்